விறாந்தையில ஒரு கல்லடிப் பாலம்: ஸ்லொட் கார் கேள்வி பதில்

போன இதழ்ல நம்மட வீட்டு விறாந்தையில நான் கட்டி வச்சிருக்கிற ஸ்லொட் கார் ட்ரெக்கைப் பத்தி நாலு வரி எழுதியிருந்தன். மட்டக்களப்பு, அம்பாறை ரெண்டு பக்கத்தில இருந்தும் கடிதம் வந்திருக்கு, இந்தப் பொழுதுபோக்கில இவ்வளவு பேருக்கு ஆசை இருக்குமெண்டு நான் நினைக்கயில்ல, சந்தோஷமா இருக்கு. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து எழுதுறன்.

கேள்வி: ஸ்லொட் கார் எண்டா என்ன, ரிமோட் காருக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்? எங்கட ஹோல் சின்னன், 8 அடிக்கு 4 அடி பிளைவுட் ஒண்டு போடலாம். மகனுக்கு 9 வயசு. (ஒரு அப்பா, களுவாஞ்சிக்குடி)

பதில்: ஸ்லொட் எண்டா காடி, ஒடுக்கமான நீளப் பள்ளம். ரோட்டு நடுவில ஒரு காடி ஓடும், காருக்குக் கீழ முன்பக்கம் ஒரு சின்னத் தகடு தொங்கும், அது அந்தக் காடிக்குள்ள இறங்கி ஓடும். காடிக்கு ரெண்டு பக்கமும் ரேல், அதில கரண்ட், காருக்குக் கீழ பிரெய்ட் எண்ட கம்பிப் பின்னல் இருக்கு, அது ரேல்ல உரசி மோட்டருக்குக் கரண்ட் எடுக்கும். உங்கட கையில இருக்கிற கன்ட்ரோலரால வேகத்தை மட்டும்தான் கூட்டிக் குறைக்கலாம், திருப்புற வேலை இல்ல. அப்ப லேசுதானே எண்டு நினைப்பீங்க, இல்ல. வளைவுக்குள்ள ஒரு துளி கூட அமத்தினாக் கார் காடியை விட்டுத் தூக்கி வெளிய எறிஞ்சிடும், எங்க விரலை விடணும், எங்க அமத்தணும் எண்டதுதான் முழு விளையாட்டும். 9 வயசுப் பொடியன் ஒரு கிழமைக்குள்ள உங்களை வெல்லுவான், பாருங்க.

இது புதுசில்ல. இங்கிலாந்தில ஃபிரெட் ஃபிரான்சிஸ் எண்டவர் சாவி முறுக்கி ஓடுற ஸ்கேலெக்ஸ் தகரக் கார் செய்து வித்துக்கொண்டிருந்தவர், மறுகா அதுக்கே மின்சார மோட்டர் வச்சு 1957 இல ஹாரகேட் பொம்மைக் கண்காட்சியில ஸ்கேலெக்ஸ்ட்ரிக் எண்டு காட்டினவர். ஜெர்மனியில கரேரா எண்ட கம்பனி செட் 60 களில வந்தது. இண்டைக்கும் இந்த ரெண்டு செட்டும்தான் வீடுகள்ல கூட.

உங்கட 8 க்கு 4 பலகைக்கு ரெண்டு வழி இருக்கு. 1:32 அளவு, அதாவது உண்மையான காரில 32 இல ஒரு பங்கு எண்டாக் கார் 14 சென்டிமீட்டர் கிட்ட நீளம், பார்க்க அழகு, பிள்ளையிட கைக்கும் சரி. ஆனா ஸ்கேலெக்ஸ்ட்ரிக்ட ரெண்டாம் ரேடியஸ் எண்ட வளைவுத் துண்டால ஒரு யூ அடிச்சாலே முக்கால் மீட்டர் அகலம் போயிடும், அப்ப 4 அடிக்குள்ள ஒரு நீள் வட்டமும் உள்ளுக்கு ஒரு மடிப்பும்தான் வரும். மற்றது எச்.ஓ. எண்டு சொல்லுற 1:64 அளவு, கார் பெருவிரல் நீளத்துக்கு வரும், அதே பலகையில மலை மாதிரி வளைச்சு வளைச்சுப் போடலாம். என்னட்டக் கேட்டா 9 வயசுக்கு 1:32. சின்னக் கார் சரியான வேகம், கண்ணுக்குள்ள நிக்காது, பிள்ளைக்கு அலுத்துப் போகும்.

கேள்வி: தம்பி ரொரன்டோவில இருந்து மகளுக்கு ஒரு செட் அனுப்பியிருக்கான். ப்ளக் தட்டை ரெண்டு காலுள்ளது. கடையில மாத்துற ப்ளக் வாங்கிக் குத்தினாச் சரி எண்டு இவர் சொல்லுறார். சரியா? (ஒரு அக்கா, வாழைச்சேனை)

பதில்: அக்கா, குத்தாதீங்க, முதல்ல அந்தக் கறுப்பு அடப்டரைத் திருப்பி எழுத்தைப் படிங்க. 100 தொடக்கம் 240 வோல்ட் எண்டு போட்டிருந்தாக் கவலையில்ல, மாத்துற ப்ளக் போதும். 120 வோல்ட் மட்டும் போட்டிருந்தா அது கனடா, அமெரிக்கா வீட்டுக் கரண்டுக்குச் செய்தது, நம்மட வீட்டில வாறது 230. மாத்துற ப்ளக் காலை மட்டும்தான் மாத்தும், வோல்ட்டை மாத்தாது. எனக்கு ஒருக்கா இப்பிடி ஒண்டு கண்ணுக்கு முன்னால புகைஞ்சு போனது, அந்தப் பிளாஸ்டிக் மணம் ரெண்டு நாள் அறைக்குள்ள நிண்டது, பிள்ளையள் பக்கத்தில இருந்திருந்தா எண்டு இப்பவும் நினைக்கிறன்.

120 எண்டு இருந்தா அடப்டரை எறிஞ்சிட்டு, அதில அவுட்புட் எண்டு எழுதியிருக்கிற வோல்ட்டும் அம்பியரும் எவ்வளவு எண்டு பார்த்து அதே அளவு தாற 230 வோல்ட் அடப்டர் ஒண்டு எலெக்ட்ரோனிக்ஸ் கடையில வாங்குங்க. வோல்ட் அதேயா இருக்கணும், அம்பியர் கூடினாப் பிழையில்ல, குறையக்கூடாது. நேர் முனை, மறை முனை படமும் அதில கீறியிருக்கும், அதுவும் ஒத்துப் போகணும். லண்டன்ல இருந்து வாற செட்டுக்கு இந்தத் தொல்லை இல்ல, அங்கயும் 230, ப்ளக்கும் நம்மட சதுரக் காலுதான்.

கேள்வி: எனக்கு ஓட்டத்தை விடச் சுத்தி இருக்கிற காட்சி கட்டத்தான் ஆசை. கல்லடிப் பாலம், வாவி, முகத்துவாரம் வெளிச்சவீடு எல்லாம் ஒரே மேசையில வரணும். எங்க இருந்து தொடங்க? (ஒரு வாசகர், கல்லடி)

பதில்: இந்தக் கடிதத்தை நான் மூண்டு தரம் வாசிச்சன். நிறையப் பேர் ஜெர்மனி மலை, பைன் மரம் எண்டு படத்தில பார்த்ததைத்தான் கட்டுறாங்க, நம்மட கிழக்கால எழுவான்கரையும் மேற்கால படுவான்கரையும் நடுவில வாவியும் இருக்கிற மாதிரி ஒரு காட்சி எந்தப் பெட்டியிலயும் வராது, நாமதான் செய்யணும்.

ஆனா முதல் வேலை காட்சி இல்ல. ட்ரெக்கை வெறும் பலகையில விரிச்சு, ஒண்டையும் ஒட்டாம, ஒரு மாசம் ஓட்டுங்க. எந்த வளைவில கார் பறக்குது, எங்க விழுகுது, எந்த மூலைக்குக் கை எட்டயில்ல எண்டு ஒரு கொப்பியில குறியுங்க. என்ட முதல் மேசையில நான் காட்சியை முதல்ல ஒட்டினன், சுவரோட தள்ளி வச்ச மேசை, பின்மூலையில கார் விழுந்தா எட்டி எடுக்கேக்குள்ள முழங்கை பட்டு ரெண்டு மாச வேலை உடைஞ்சது. கையை நீட்டினா ரெண்டரை அடிக்கு மேல எட்டாது, அதால 4 அடி பலகையைச் சுவரோட வைக்கவே கூடாது, மேசைக் காலுக்குச் சில்லு பூட்டினா இழுத்துப் பின்னால போகலாம். கார் பறந்து விழுற இடத்தில மரமும் வீடும் வைக்காதீங்க, அங்கதான் வாவி வரணும், இல்லாட்டி வயல். பெயின்ட்டால செய்த வாவிக்குள்ள விழுந்த காருக்கு ஒண்டும் ஆகாது.

அடுத்தது கணக்கு. 1:32 எண்டா உண்மையான அளவை 32 ஆல வகுக்கணும். கல்லடிப் பாலம் கிட்டத்தட்ட 290 மீட்டர், வகுத்தா 9 மீட்டர், உங்கட வீட்டை விட நீளம். வெளிச்சவீடு 28 மீட்டர், வகுத்தா 87 சென்டிமீட்டர், மேசையில வச்சா ஆளுயரத்துக்கு நிக்கும். அதால எல்லாத்தையும் அளவுக்குச் செய்ய வேண்டாம். ட்ரெக்குக்குப் பக்கத்தில வாறது மட்டும் அளவுக்கு இருக்கட்டும்: ஆள் 5 சென்டிமீட்டர், ஓட்டோ 8, பஸ் ஒரு அடி. பின்னால போகப் போகச் சின்னனாக்குங்க. வெளிச்சவீட்டைப் பின்மூலையில 25 சென்டிமீட்டருக்குச் செய்து, அதுக்கு முன்னால சின்னத் தென்னை ரெண்டும் வச்சா, தூரத்தில முகத்துவாரத்தில நிக்கிற மாதிரியே கண்ணுக்குத் தெரியும்.

பாலத்துக்கு என்ட யோசனை, பழைய பாலத்தைக் கட்டுங்க, 1924 இல திறந்த லேடி மெனிங் பாலத்தை. புதுப் பாலம் வாறதுக்கு முதல் அதில ஒரு பக்க வாகனம் வந்து முடியுமட்டும் மற்றப் பக்கம் காத்து நிண்டது நம்மட ஆக்களுக்கு மறக்காது. ஸ்லொட் ட்ரெக்கில ரெண்டு லேனையும் நெருக்கி ஒடுக்குற சிகேன் எண்ட துண்டு ஒண்டு இருக்கு, ரெண்டு கார் ஒண்டா வந்தா இடிபடும், ஒருத்தர் விட்டுக் குடுத்தே ஆகணும். அந்தத் துண்டைப் பாலத்துக்குள்ள போட்டா அந்தக் காலத்துக் கல்லடிதான். முழு நீளமும் வேண்டாம், நாலு இரும்புக் கூடு போதும், ஐஸ் சொக் குச்சியும் தடிச்ச மட்டையும் சேர்த்து ஒட்டி சாம்பல் பெயின்ட் அடியுங்க. ஒட்டேக்குள்ள மேல்பக்கத்தைக் கழற்றுற மாதிரி வையுங்க, உள்ளுக்குக் கார் நிண்டாக் கை போகணும். ஏத்தம் இறக்கத்தைச் சரிவா நீட்டி எடுங்க, திடீரெண்டு ஏத்தினா காரிட தகடு காடியை விட்டுக் கிளம்பும்.

வாவிக்கு உண்மையான தண்ணி வேண்டவே வேண்டாம், கரண்ட் ஓடுற மேசை. பலகையை 2 சென்டிமீட்டர் பதிச்சு, அடியில கறுப்பும் பச்சையும் கபிலமும் கலந்து பெயின்ட், கரைக்கு வர வர மண் நிறம், நீலம் அடிக்காதீங்க, நம்மட வாவி நீலமில்ல. காஞ்ச பிறகு வார்னிஷ் மெல்லிசா ஏழெட்டுத் தரம், ஒவ்வொண்டும் நல்லாக் காஞ்ச பிறகு மற்றது. கடைசிப் பூச்சு ஈரமா இருக்கேக்குள்ள ஒரு ஸ்ட்ரோவால ஊதினா சின்ன அலை நிக்கும். கரையில கண்ணா மரத்துக்குத் தேங்காய்த் தும்பைப் பிரிச்சுக் கால் கால் ஆக இறக்கி மேல ஸ்பொஞ்சைப் பிச்சு ஒட்டி பச்சை அடிக்கலாம். தோணியை மட்டும் ஆறுதலாச் செய்யுங்க, அதில ஒரு ஆளை வலையோட நிப்பாட்டினாப் பார்க்கிற எல்லாரும் முதல்ல அதைத்தான் பார்ப்பாங்க.

மேடு பள்ளத்துக்கு ரெஜிபோம். டிவி, ஃபிரிட்ஜ் வந்த பெட்டியில இருக்கும், சல்லி குடுக்கத் தேவையில்ல. மேல கடதாசியைக் கிழிச்சு வெள்ளைக் கம்மில நனைச்சு ரெண்டு மூண்டு அடுக்கு. கோதுமை மாப் பசை மலிவுதான், ஆனா கரப்பானும் எறும்பும் ஒரு மாரிக்குள்ள தின்டு போடும். ஸ்ப்ரே பெயின்ட் நேரா ரெஜிபோம்ல பட்டாக் கரைஞ்சு குழி விழும், கடதாசி மூடின பிறகு அடியுங்க.

கேள்வி: மாரி முடிஞ்சு ட்ரெக்கை எடுத்தா ரேல்ல புள்ளி புள்ளியாத் துரு. கார், கரண்ட் குடுக்கிற பெட்டிக்குக் கிட்ட நல்லா ஓடுது, அங்கால பக்கம் போனா இழுபடுது. மோட்டர் பக்கம் சத்தமும் வருது. கடற்கரை மண்ணைப் போட்டுத்தான் ஓரம் அலங்கரிச்சிருக்கன். (ஒரு வாசகர், கல்முனை)

பதில்: உங்கட கடைசி வரியிலதான் பாதி விடை இருக்கு. கடற்கரை மண்ணுக்குள்ள ஒரு காந்தத்தை விட்டு எடுத்துப் பாருங்க, கறுப்பு மணி மயிர் மாதிரி ஒட்டிக்கொண்டு வரும், இரும்புத் தாது கலந்த மண். ஸ்லொட் காருக்கு அடியில ரோட்டைப் பிடிச்சு ஓட ஒரு காந்தம் இருக்கு, மோட்டருக்குள்ளயும் இருக்கு. ஒரு கார் ஓரத்தில விழுந்து எழும்பினாலே அந்தக் கறுப்பு மணி எல்லாம் காந்தத்தில ஏறி, மோட்டருக்கும் கியருக்கும் போய் அரைக்கும், நீங்க கேக்கிற சத்தம் அதுவாத்தான் இருக்கும். அதோட அந்த மண்ணில உப்பு இருக்கு, காத்தில இருக்கிற ஈரத்தை இழுத்து ரேலுக்குப் பக்கத்தில வச்சுக்கொண்டிருக்கும். முழுக்க வழிச்சு எடுங்க. காரிட காந்தத்தை ஒட்டுற டேப்பால ஒத்தி ஒத்தித் துப்புரவாக்குங்க, துணியால துடைச்சாப் போகாது.

ஓரத்துக்கு ஆத்து மண் பாவியுங்க. மூண்டு நாலு தரம் கழுவி, வெயில்ல காய வச்சு, மாச்சல்லடையால அரிச்சு, காந்தத்தை ஓட்டி எடுத்த பிறகு வெள்ளைக் கம்மும் தண்ணியும் பாதிக்குப் பாதி கலந்து அதுக்கு மேல சொட்டு சொட்டா விட்டா இறுகிப் போயிடும், ஒரு மணியும் அசையாது.

துருவுக்கு வருவம். ஸ்கேலெக்ஸ்ட்ரிக் ரேல் உருக்கு, காந்தம் பிடிக்கணும் எண்டதால, நம்மட உப்புக் காத்துக்கு அது தாங்காது. கரேராவில ஸ்டெயின்லெஸ், அதால கடலுக்குக் கிட்ட இருக்கிறவங்களுக்கு நான் கரேராவைத்தான் சொல்லுறது, அகலம் கூட எண்டாலும். பிடிச்ச துருவை மண்தாளால தேய்க்காதீங்க, கீறின இடத்தில அடுத்த மாரிக்கு இன்னும் கூடப் பிடிக்கும். பாத்திரம் கழுவுற பச்சைப் பஞ்சால மெதுவாத் தேய்ச்சு, துணியால துடைச்சு, தையல் மெஷின் எண்ணெய் ஒரு துளியைத் துணியில எடுத்து ரேல் நீளத்துக்கும் ஒருக்கா இழுத்து, மறுகா காஞ்ச துணியால துடைச்சு விடுங்க. எண்ணெய் மிஞ்சினாட் டயர் வழுக்கும். மாரி தொடங்க முதல் இதைச் செய்து மேல ஒரு படங்கு மூடினாப் பாதித் தொல்லை குறையும்.

அங்கால பக்கம் இழுபடுறதுக்குக் காரணம் மூட்டுகள். ஒவ்வொரு துண்டும் அடுத்த துண்டோட சேருற இடத்தில கொஞ்சம் கொஞ்சமாக் கரண்ட் குறையும், 20, 25 மூட்டுத் தாண்டினா மோட்டருக்குத் தெரியும். பவர் வாற துண்டில இருந்து ஒவ்வொரு லேனுக்கும் ரெண்டு வயர் எடுத்து, பலகைக்குக் கீழால கொண்டு போய், தூரப் பக்கத்தில அதே லேன், அதே ரேலுக்குச் சொல்டர் செய்யுங்க. இடது ரேல் இடது ரேலுக்குத்தான், மாறினா ஷோர்ட். நிறம் வேற வேறயா வயர் வாங்குங்க, பிழைக்க மாட்டீங்க. காரிட பிரெய்ட்டையும் பாருங்க, நுனி விசிறி மாதிரி விரிஞ்சு இருக்கணும், கறுத்து உருண்டு போயிருந்தா மாத்துங்க.

கேள்வி: நான் ஓடாவி. பிளாஸ்டிக் துண்டு வாங்காம மரத்திலேயே காடி எடுத்துச் செய்ய ஏலுமா? (அக்கரைப்பற்று)

பதில்: ஏலும், உங்களைப் போல ஆக்கள் செய்தா அதைப் போல ட்ரெக் வேற இல்ல. உலகத்தில நல்ல கிளப் ட்ரெக் நிறைய மரம்தான். 12 மில்லிமீட்டர் எம்.டி.எஃப், மரத்தும்பை அமத்திச் செய்த பலகை, எடுங்க, பிளைவுட்டில காடி எடுக்கேக்குள்ள சிம்பு கிளம்பும். காடி வெட்டுற ரௌட்டர் மெஷின்ல 3 மில்லிமீட்டர் பிட், ஆழம் 7 தொடக்கம் 8, லேனுக்கு லேன் 10 சென்டிமீட்டர். வளைவுக்கு வளையக்கூடிய பிளாஸ்டிக் பட்டி ஒண்டை நினைச்ச வடிவத்துக்கு வளைச்சு ஆணியடிச்சு அதோட ரௌட்டரை ஓட்டுங்க, பெட்டியில வாற வட்டமெண்டு இல்லாம, களுதாவளை, தேத்தாத்தீவு எண்டு ஊருக்குள்ளால போற ரோட்டு மாதிரி மெதுவா வளைஞ்சு வரும்.

நம்மட பக்கம் எம்.டி.எஃப் ஈரத்துக்கு ஊதும், அதை நினைப்பில வச்சிருங்க. மேல, கீழ, விளிம்பு, காடிக்குள்ள, எல்லா இடமும் பெயின்ட் போகணும், கீழ்ப்பக்கம்தானே எண்டு விட்டா ஒரு மாரியில காடி இறுகிக் கார் நிண்டுடும். பெயின்ட் காஞ்ச பிறகு காடிக்கு ரெண்டு பக்கமும் கொப்பர் டேப். கொப்பரைக் காந்தம் பிடிக்காது, அதால கார் வளைவில வாலை ஆட்டும், அது பிழையில்ல, அந்த ஆட்டத்தைப் பிடிச்சு ஓட்டுறதுதான் இதில சுவை. வேகம் குறையும், பார்க்க உண்மையான கார் மாதிரி இருக்கும்.

கேள்வி: கரண்ட் போனா என்ன செய்யிறது? 12 வோல்ட் பெற்றரியில ஓடுமா? (திருக்கோவில்)

பதில்: சாதாரண 1:32 செட் எண்டா ஓடும், ஒரே காடியில ரெண்டு மூண்டு கார் ஓடுற டிஜிட்டல் செட்டுக்குச் செய்யாதீங்க. ஆனாப் பெற்றரிக்குப் பக்கத்திலேயே 5 அம்பியர் ஃபியூஸ் ஒண்டு கட்டாயம். ரேல் ரெண்டும் ஒரு சாவிக்கொத்து விழுந்தாலே ஷோர்ட் ஆகும், பெற்றரி அடப்டர் மாதிரி தானா நிக்காது, வயர் சிவந்து எரியும். ஃபியூஸ் இல்லாம ஒரு நாளும் வேண்டாம்.

கேள்வி: எனக்கு 46 வயசு, படிப்பிக்கிறன். இது பிள்ளையள்ற விளையாட்டு எண்டு வீட்டில சொல்லுறாங்க. (ஏறாவூர்)

பதில்: டீச்சர், சொல்டர், கரண்ட், தச்சு வேலை, பெயின்ட், அளவுக் கணக்கு எல்லாம் ஒரு மேசையில கிடக்கு. பள்ளிவிட்டு வந்து ஒரு மணித்தியாலம் கையால ஒண்டைச் செய்து முடிக்கிறதில இருக்கிற ஆறுதல் எனக்கு வேற எதிலயும் கிடைக்கயில்ல. வீட்டில சொல்லுறவங்கட கையில ஒரு கன்ட்ரோலரைக் குடுங்க.

கேள்வி: அங்கிள், எனக்கு 12 வயசு. எங்களிட்ட செட் இல்ல, வாங்கவும் ஏலாது. காட்சி மட்டும் இப்பவே செய்யத் தொடங்கலாமா? எங்கட வீட்டுக்குப் பின்னால வயல். (படுவான்கரை)

பதில்: தொடங்கலாம் மகள், நல்லாத் தொடங்கலாம். ஒரு அடிக்கு ஒரு அடி மட்டையில உங்கட வயலைச் செய்யுங்க. பழைய தும்புக் கால்மிதி ஒண்டு தேடுங்க, அதிட நிறமே விளைஞ்ச நெல்லுட நிறம்தான். நெல் இடுப்புக்குக் கிட்ட வளரும், 32 ஆல வகுத்தா 3 சென்டிமீட்டர் கூட வராது, கால்மிதியிட தும்பும் அவ்வளவுதான் உயரம். கத்தரிக்கோலால பாத்தி பாத்தியா வெட்டி, இடையில வரம்புக்கு மண்ணும் கம்மும் குழைச்சுப் போடுங்க, வரம்பு நேரா வேண்டாம், உங்கட வீட்டுப் பின்னால எப்பிடி வளையுதோ அப்பிடி. ஒரு மூலையில தும்பை ஒட்ட வெட்டி அறுவடை முடிஞ்ச மாதிரி விட்டு, அதில ரெண்டு மூண்டு கொக்கு நிப்பாட்டுங்க, வெள்ளை மெழுகுதிரியில செய்யலாம், 2 சென்டிமீட்டர் உயரம் காணும். முடிஞ்சதும் படம் ஒண்டு அனுப்புங்க, அடுத்த இதழ்ல போடுறன்.